மாகாணப் பொலிஸ் அதிகாரம்: முதலாம் பின்னிணைப்பில் உண்மையில் என்ன இருக்கிறது?

2023 ஜூலையில் இலங்கையின் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தமிழ்க் கட்சிகளைச் சந்தித்தபோது, மாகாண சபைகளுக்கு அதிகாரம் பகிரும் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தைப் பொலிஸ் அதிகாரம் நீங்கலாக நடைமுறைப்படுத்தத் தயார் என்றார். அதே ஆண்டு பெப்ரவரியில் பிக்குகள் நாடாளுமன்றத்துக்கு அருகே அந்தத் திருத்தத்தின் பிரதியைத் தீயிட்டுக் கொளுத்தியிருந்தார்கள். தமிழ்க் கட்சிகளோ பொலிஸ் இல்லாத அதிகாரப் பகிர்வு வெறுங்கூடு என்றன. இத்தனை ஆண்டு வாதத்தில் ஒரு தரப்புக்கு மாகாணப் பொலிஸ் என்றால் துப்பாக்கி ஏந்திய தனிப்படை, மறு தரப்புக்கு விடிவு. சட்ட வாசகத்தைக் கையிலெடுத்து வாசித்தவர்கள் இரு பக்கத்திலும் குறைவு என்றே தோன்றுகிறது. வாசித்தால், கொழும்பு அஞ்சுகிற அளவுக்கு அதில் எதுவும் இல்லை. யாழ்ப்பாணம் எதிர்பார்க்கிற அளவுக்கும் இல்லை.

எந்தச் சட்டத்தில், எந்த இடத்தில்

1987 ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே ஆண்டு நவம்பரில் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தமும் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் நிறைவேறின. திருத்தம் ஒற்றையாட்சிக்கு முரணா என்ற கேள்வியை உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் விசாரித்தார்கள். தீர்ப்பு பிளவுபட்டது. திருத்தம் மயிரிழையில் தப்பியது.

திருத்தம் அரசியலமைப்பில் ஒன்பதாவது அட்டவணையைச் சேர்த்தது. அதில் மூன்று நிரல்கள். மாகாண சபை சட்டமியற்றக்கூடிய விடயங்கள் முதலாவதில், மத்திக்கு மட்டும் உரியவை இரண்டாவதில், இருவருக்கும் பொதுவானவை மூன்றாவதில். மாகாண நிரலைத் திறந்தால் முதலாவதாக நிற்பதே பொலிசும் பொது ஒழுங்கும்தான். ஆனால் அங்கேயே ஒரு கடிவாளமும் இருக்கிறது: முதலாம் பின்னிணைப்பில் கூறப்பட்ட அளவுக்கு மட்டும் என்பது அது. சண்டை முழுவதும் இந்தச் சில பக்கப் பின்னிணைப்பைப் பற்றியது.

பொது ஒழுங்கு என்பது தெருவிலும் ஊரிலும் அமைதி குலையாமல் பார்ப்பது. பொலிஸ் அதிகாரம் என்பது குற்றத்தைத் தடுப்பது, துப்புத் துலக்குவது, கைது செய்வது, வழக்கை நீதவான் முன் கொண்டுபோவது. தேசிய பாதுகாப்பு, நாட்டின் பாதுகாப்பு, முப்படைகளின் பயன்பாடு ஆகியவை இரண்டிலும் சேராது. பின்னிணைப்பே அவற்றை வெளியே வைத்துவிட்டது. தலைநகர்ப் பகுதிகளும் மாகாணத்தின் கைக்கு வராது.

பின்னிணைப்பின் கட்டமைப்பு

1. இலங்கைப் பொலிஸ் ஒரே படையாகவே இருக்கும். அதற்குள் ஒரு தேசியப் பிரிவும், மாகாணத்துக்கு ஒன்றாக மாகாணப் பிரிவுகளும். தலைமை பொலிஸ் மா அதிபர்.

2. மாகாணப் பிரிவுக்குப் பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர் தலைவர். அவரைப் பொலிஸ் மா அதிபர் நியமிப்பார்; முதலமைச்சரின் இணக்கம் வேண்டும். இருவரும் ஒத்துவராவிட்டால் விடயம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்குப் போகும். அது ஜனாதிபதியுடன் கலந்தாலோசித்து முடிவெடுக்கும்.

3. மாகாணப் பிரிவுக்கு ஆட்சேர்ப்பைச் செய்வது மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு. அதில் மூன்று பேர்: மாகாணத்தின் பிரதிப் பொலிஸ் மா அதிபர், ஜனாதிபதியுடன் கலந்து பொதுச் சேவை ஆணைக்குழு நியமிக்கும் ஒருவர், முதலமைச்சரின் நியமனத்தர் ஒருவர்.

4. மாகாணத்தில் பொது ஒழுங்கைப் பேணுவதிலும் பொலிஸ் அதிகாரத்தைப் பயன்படுத்துவதிலும் பிரதிப் பொலிஸ் மா அதிபர் முதலமைச்சருக்குப் பொறுப்புக்கூறுவார். அவரது கட்டுப்பாட்டில் இருப்பார்.

5. மாகாணத்துக்குள் கடமையாற்றும் தேசியப் பிரிவினர் சாதாரணமாகச் சிவில் உடையில் இருப்பார்கள். பொது ஒழுங்குக் கடமையில் மட்டும் சீருடை அணியலாம். தெருவில் சீருடையோடு நிற்பவர் மாகாணத்தின் ஆளாக இருக்க வேண்டும் என்பது வரைந்தவர்களின் எண்ணம். பலர் கவனிக்காத இந்த வரிதான் பின்னிணைப்பிலேயே அதிக அரசியல் நுட்பம் உள்ள வரி.

6. துப்பாக்கி, தோட்டா, ஏனைய உபகரணம் எந்த வகை, எத்தனை என்பதைத் தீர்மானிப்பது தேசிய பொலிஸ் ஆணைக்குழு. மாகாண ஆணைக்குழுவிடம் கருத்துக் கேட்கப்படும், அவ்வளவே. எல்லா மாகாணங்களுக்கும் ஒரே அளவுகோல்.

ஆறாவதை வாசித்த பிறகும் ‘வடக்கு ஆயுதம் வாங்கிக் குவிக்கும்’ என்று மேடையில் பேச முடிகிறது என்றால், வாசிக்காமலே பேசுகிறார்கள் என்று கொள்வதே நியாயம்.

கொழும்பின் கையில் எஞ்சுவது

எந்தக் குற்றத்தை யார் விசாரிப்பது என்பதற்குப் பின்னிணைப்பில் தனிப் பட்டியல் உண்டு. அரசுக்கு எதிரான குற்றங்கள், முப்படைகள் தொடர்பான குற்றங்கள், உள்ளூராட்சித் தேர்தல் நீங்கலான தேர்தல் குற்றங்கள், நாணயமும் அரச முத்திரையும் தொடர்பானவை, ஜனாதிபதி, அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், நீதிபதிகள் முதலானோருக்கு எதிரானவை, அரச சொத்து தொடர்பானவை, ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் பரவியவை, சர்வதேசக் குற்றங்கள் — இவையெல்லாம் தேசியப் பிரிவுக்கு. திருட்டு, அடிதடி, கொலை, வீடுடைப்பு, காணிச் சண்டை, குடும்ப வன்முறை போன்ற மீதிதான் மாகாணத்துக்கு. சாதாரண மனிதன் பொலிஸ் நிலையப் படியேறுவது பெரும்பாலும் இந்த மீதிக்காகத்தான் என்பது வேறு விடயம்.

அவசரகால நிலை பிரகடனமானால் பொது ஒழுங்கு தொடர்பில் முதலமைச்சருக்குள்ள அதிகாரத்தை ஜனாதிபதி தன் கையில் எடுத்துக்கொள்ளலாம். ஆக, நியமனத்தில் ஒரு தடுப்பு, ஆயுதத்தில் ஒரு தடுப்பு, குற்றப் பட்டியலில் ஒரு தடுப்பு, அவசரகாலத்தில் ஒரேயடியான தடுப்பு. இந்தியாவில் மாநிலப் பட்டியலின் முதலிரண்டு பதிவுகள் பொது ஒழுங்கும் காவல்துறையும்தான். அங்கே மாநில அரசுக்குள்ள பிடி இதைவிடப் பல மடங்கு இறுக்கம். 1987இன் வரைவு இந்திய மாதிரியைப் பார்த்து எழுதப்பட்டது என்பார்கள். பார்த்து எழுதியவர் ஒவ்வொரு பத்தியிலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது

பின்னிணைப்பு இன்றுவரை ஒரு மாகாணத்திலும் நடைமுறைக்கு வரவில்லை. வடக்கு, கிழக்குக்கு மட்டுமல்ல, தெற்கில் உள்ள ஏழு மாகாணங்களுக்கும் அது கொடுக்கப்படவில்லை. இதற்குச் சிங்களத் தேசியவாதத்தை மட்டும் காரணம் காட்டிவிட்டு நகர்வது எளிது. முழுக் கதை அவ்வளவு எளிதல்ல.

1988 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு இணைந்த வடகிழக்கு மாகாணத்தின் முதலமைச்சராக வரதராஜப் பெருமாள் பதவியேற்றார். சட்டப்படியான மாகாணப் பொலிஸ் வராத நிலையில் அந்த வெற்றிடத்தில் தொண்டர் படை என்ற பெயரிலும் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரிலும் ஆட்கள் திரட்டப்பட்டார்கள். 1989இல் பாடசாலை வயதுப் பையன்களைத் தெருவில் வைத்துப் பிடித்துக்கொண்டுபோன நினைவு வடக்கு, கிழக்கில் இன்னும் அழியவில்லை. 1990 மார்ச்சில் பெருமாளின் தனி ஈழப் பிரகடனம், பிறகு சபை கலைப்பு. கொழும்பு இதைத் தன் வாதத்துக்குச் சான்றாக வைத்துக்கொண்டது. சட்டத்தின்படி ஒரு பொலிஸ் இருந்திருந்தால் அந்த வெற்றிடமே வந்திருக்காது என்ற மறுவாதத்தை யாரும் செவிமடுக்கவில்லை.

2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வடகிழக்கு இணைப்பைச் செல்லாது என்றது. 2007 ஜனவரி முதல் இரண்டும் தனி மாகாணங்கள். 2008இல் கிழக்கின் முதலமைச்சரானவர், புலிகளிலிருந்து பிரிந்து, ஆயுதக் குழுவாக இருந்து அரசியல் கட்சியான ஓர் அமைப்பின் தலைவர், சிவநேசதுரை சந்திரகாந்தன். பின்னிணைப்பு அப்போது நடைமுறையில் இருந்திருந்தால் கிழக்கின் பிரதிப் பொலிஸ் மா அதிபர் அவருடைய கட்டுப்பாட்டில் இருந்திருப்பார். இதைத் தமிழ் அரசியலில் எவரும் உரக்கச் சொல்வதில்லை. 2013 செப்டெம்பரில் வட மாகாண சபையின் 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. முதலமைச்சர் உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதியரசர் சி.வி. விக்னேஸ்வரன். அதே பின்னிணைப்பு, அதே கட்டுப்பாடு, முற்றிலும் வேறு மனிதர். ஒரு சட்டம் நல்லதா கெட்டதா என்பது அந்தக் கதிரையில் யார் உட்காருகிறார் என்பதில் தொங்குகிறது என்றால், சட்டத்தில் ஏதோ குறைகிறது.

பொலிஸ் நிலைய மேசையில் நடப்பது

குறைவது என்ன என்று பார்க்க அரசியலமைப்பை மூடிவைத்துவிட்டு ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் போக வேண்டும். வடக்கில் ஒரு பெண் சங்கிலி அறுப்பு பற்றி முறைப்பாடு கொடுக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தமிழில் சொல்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உத்தியோகத்தருக்குத் தமிழ் அரைகுறை. தமிழ் தெரிந்தவர் ரோந்துக்குப் போயிருக்கிறார். வாக்குமூலம் சிங்களத்தில் பதியப்படுகிறது. எழுதியதை வாசித்துப் பார்க்க முடியாத பெண் கீழே கையொப்பமிடுகிறார். மோட்டார் சைக்கிளின் நிறம், வந்தவர் ஒருவரா இருவரா, எந்த ஒழுங்கையால் திரும்பினார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் சரியாக விழுந்ததா என்பது அவருக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தக் கையொப்பத்தைக் காட்டி, ‘நீங்கள் அன்று வேறுவிதமாகச் சொல்லியிருக்கிறீர்களே’ என்று கேட்கும்போதுதான் தெரியவரும்.

இதைச் சரிசெய்ய முதலாம் பின்னிணைப்பு தேவையே இல்லை. 1988இன் பதினாறாவது திருத்தம் வடக்கு, கிழக்கில் நிர்வாகத்துக்கும் பொதுப் பதிவேடுகளுக்கும் உரிய மொழி தமிழ் என்று சொல்லியாயிற்று. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் தமிழ் பேசும் உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்றும், பொலிசைப் பாதுகாப்புத் துறையிலிருந்து பிரிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அந்த ஆணைக்குழுவைத் தமிழ்த் தரப்பு பெரிதாக நம்பவில்லை. ஆனாலும் அரசாங்கமே நியமித்த ஆணைக்குழுவின் வாயிலிருந்து வந்த பரிந்துரை இது.

மொழியைவிடக் கடினமானது நம்பிக்கை. 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் சென்ற பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். முதலில் அது விபத்து என்று சொல்லப்பட்டது. உடலில் துப்பாக்கிக் காயம் இருந்தது தெரிந்த பிறகு ஐந்து பொலிசார் கைதானார்கள். முதலில் சொன்ன விபத்துக் கதை நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விதான் ஊரில் இன்றும் பொலிசைப் பற்றிய பேச்சின் அடியில் கிடக்கிறது. சீருடைக்காரர் மாகாணத்தில் சேர்க்கப்பட்டவராக, தமிழ் பேசுபவராக இருந்தால் மட்டும் இந்தக் கேள்வி போய்விடாது.

பின்னிணைப்பில் இல்லாத பாகம்

பொலிசுக்கு எதிரான முறைப்பாட்டை யார் விசாரிப்பது? பின்னிணைப்பு இதைப் பற்றிப் பேசவில்லை. முதலமைச்சர் ஒரு விசாரணையில் தலையிட்டால் அவரைத் தடுப்பது யார்? அதுவும் இல்லை. கொழும்பின் பிடியை அளந்து அளந்து எழுதியவர்கள், பொதுமக்களின் பிடிக்கு ஒரு பத்தியும் ஒதுக்கவில்லை.

இந்திய அனுபவம் இங்கே பயன்படும், ஆனால் நம் அரசியல்வாதிகள் காட்டுகிற விதத்தில் அல்ல. காவல்துறை மாநிலத்தின் கையில் இருந்தும் இந்தியா பிளவுபடவில்லை என்பது சரி. அதேவேளை மாநிலத்தின் கைக்குப் போனதாலேயே காவல்துறை மக்களுக்குப் பொறுப்பாகிவிடவும் இல்லை. ஆட்சி மாறினால் அதிகாரிகள் மாறுவது, விசாரணையை அரசியல் திசைதிருப்புவது பற்றிய வழக்கில்தான் 2006 செப்டெம்பர் 22 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் தீர்ப்பில் ஏழு கட்டளைகளை இட்டது. மாநிலப் பாதுகாப்பு ஆணையம், காவல்துறைத் தலைவருக்கு இரண்டாண்டு நிச்சயப் பதவிக்காலம், சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து புலனாய்வைப் பிரிப்பது, மாநிலத்திலும் மாவட்டத்திலும் புகார் ஆணையங்கள் ஆகியவை அவற்றில் அடங்கும். தமிழ்நாடு 2013இல் சட்டம் கொண்டுவந்தது. மாநிலப் புகார் ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையே தலைவராக்கியது. காவல்துறை எவருடைய துறையோ அவரிடமே காவல்துறை மீதான புகார்! சென்னையிடம் கற்க வேண்டிய பாடங்களில் இதுவும் ஒன்று.

கொழும்பும் இதில் உயர்ந்த இடத்தில் இல்லை. 2001இன் பதினேழாவது திருத்தம் சுயாதீன தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உருவாக்கியது, 2010இல் அது பலவீனமாக்கப்பட்டது, 2015இல் மீண்டது, 2020இல் மறுபடியும் சரிந்தது, 2022இல் திரும்ப எழுந்தது. சித்திரவதை வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் பொறுப்பாளி என்று கண்ட தேசபந்து தென்னக்கோன் பொலிஸ் மா அதிபரானார். 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவரைக் கடமையாற்றவிடாமல் இடைக்காலத் தடை போட்டது. 2025 ஓகஸ்டில் நாடாளுமன்றம் 177 வாக்குகளால் அவரை நீக்கியது. பொலிசைக் கொழும்பு வைத்திருந்தால் அரசியல் தலையீடு இராது என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

வட அயர்லாந்து போன வரிசை

பிளவுண்ட சமூகத்தில் ஒரு பிரதேசப் பொலிசை எப்படிக் கட்டுவது என்பதற்கு அதிகம் படிக்கத்தக்க உதாரணம் வட அயர்லாந்து. 1998 பெரிய வெள்ளி உடன்படிக்கையின்படி அமைந்த பட்டன் ஆணைக்குழு 1999இல் 175 பரிந்துரைகளைத் தந்தது. 2001 நவம்பரில் பழைய அல்ஸ்டர் பொலிஸ் பெயரும் சின்னமும் மாறிப் புதிய சேவையானது. கவனிக்க வேண்டியவை நான்கு:

1. பொலிஸ் தலைமை அதிகாரி எந்த அமைச்சரின் கட்டுப்பாட்டிலும் வைக்கப்படவில்லை. 19 பேர் கொண்ட பொலிஸ் சபை ஒன்றுக்கு அவர் பொறுப்பு. அதில் பத்துப் பேர் கட்சிகளின் அரசியல்வாதிகள், ஒன்பது பேர் கட்சி சாராதவர்கள்.

2. பொலிஸ் மீதான முறைப்பாட்டைப் பொலிஸ் விசாரிக்காது. தனியான பொலிஸ் குறைகேள் அதிகாரியின் சொந்த விசாரணையாளர்களே விசாரிப்பார்கள்.

3. பத்தாண்டுகளுக்கு ஆட்சேர்ப்பில் பாதி கத்தோலிக்கர், பாதி மற்றவர். ஏறத்தாழ 8 சதவீதமாக இருந்த கத்தோலிக்கரின் பங்கு 2011 அளவில் ஏறத்தாழ 30 சதவீதமானது.

4. பொலிஸ், நீதித் துறை அதிகாரம் பிரதேச அரசிடம் கையளிக்கப்பட்டது கடைசியில், 2010 ஏப்ரலில். அதற்கு முன் 2007 ஜனவரியில், அதுவரை பொலிசை ஏற்க மறுத்துவந்த ஐரிஷ் தேசியவாதக் கட்சியான சின் பெய்ன், பொலிசை ஏற்றுக்கொள்ள முடிவெடுத்திருந்தது.

நான்காவதே நம் விவாதத்தைத் தலைகீழாகப் புரட்டுகிறது. அங்கே முதலில் பொலிஸ் மாறியது, பிறகு அதிகாரம் கைமாறியது. இங்கே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கைமாற்றுவதா இல்லையா என்பதில் நின்றுகொண்டு, பொலிசை மாற்றுவதை இரு தரப்பும் தள்ளிப்போட்டிருக்கின்றன. இந்த வரிசையைச் சாட்டாக வைத்துக் கொழும்பு ‘முதலில் சீர்திருத்தம், அதிகாரம் பிறகு பார்ப்போம்’ என்று காலம் கடத்தவும் கூடும். வட அயர்லாந்தில் கையளிப்பு என்ற இலக்கு தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. தாமதித்தது வேளை மட்டுமே.

இப்போதே ஆகக்கூடியது, ஆகாதது

அரசியலமைப்பைத் தொடாமலே மூன்று காரியங்கள் ஆகும். வடக்கு, கிழக்கில் வாக்குமூலம் சொல்பவரின் மொழியில் பதியப்பட்டு, அவருக்கு வாசித்துக்காட்டப்பட வேண்டும் என்பதைப் பொலிஸ் மா அதிபர் ஒரு சுற்றறிக்கையில் கட்டாயமாக்கலாம். மாகாணவாரியான ஆட்சேர்ப்பையும் அந்தந்த ஊர் மொழித் தேவையையும் தேசிய பொலிஸ் ஆணைக்குழு தன் விதிகளில் சேர்க்கலாம். பொலிசுக்கு எதிரான முறைப்பாட்டுக்கு அந்த ஆணைக்குழுவிடமே சொந்த விசாரணையாளர்களை வைக்கலாம். மாகாணத்துக்கு ஒரு சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஏற்கெனவே இருக்கிறார். கட்டமைப்பு நிற்கிறது, அது மேலே பார்த்துப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆகாதது பின்னிணைப்பின் மையம். அது முதலமைச்சரின் இணக்கத்தையும் முதலமைச்சரின் நியமனத்தரையும் கேட்கிறது. 2017இன் 17ஆம் இலக்கச் சட்டம் மாகாணத் தேர்தல் முறையை விகிதாசாரத்திலிருந்து, தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையாக மாற்றியது. அதற்குத் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஒரு வாக்குக்கூட ஆதரவாக விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்தார். பழைய முறை நீங்கியது, புதிய முறை வரவில்லை. 2019இல் கடைசிச் சபைகளின் காலமும் முடிந்து, ஒன்பது மாகாணங்களும் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்களின் கையில் வந்தன. இந்த நிலையில் ஒரு ஜனாதிபதி மனமிரங்கிப் பின்னிணைப்பை நாளையே முழுதாக நடைமுறைப்படுத்தினாலும், பிரதிப் பொலிஸ் மா அதிபர் பதில் சொல்ல வேண்டிய கதிரையில் ஆள் இல்லை. பொலிஸ் அதிகாரம் கேட்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது பழைய விகிதாசார முறைக்கே திரும்பும் ஒரு சிறு திருத்தச் சட்டத்தை. அதற்கு நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும்.